கால் சீட்டு

செய்தி ஆசிரியர் கேட்டது பன்னிரண்டு வரி.
பெயர், வயது, பதவி, அடக்கம் நடந்த இடம்,
இடையில் நானாகச் செருகிய ஓர் எடை.
கொடுத்துவிட்டேன். இது மிச்சம்.
அங்கே 'அவர்' என்று எழுதினேன். இங்கே அவள்.

செய்யதலி பாத்திமா.
தாராவியில் தோல்கிடங்குக்குப் பின்வீடு.
வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து
ஆட்டுத்தோலுக்கு உப்பு வைத்தவர்.
பள்ளியில் அவள் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும்.
நாற்றம் என்றார்கள்.
அவளுக்கு அது வீடு இருக்கும் திசை.

ஐம்பத்தெட்டில்
மியூசியத்தில் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள்,
செத்த பறவையை உரித்துப் பஞ்சடைக்க.
வந்த பட்டதாரிகள் இரண்டு பேர்
மரங்கொத்தியைக் கழுத்தோடு கிழித்தார்கள்.
அவள் பிடரியில் சின்னதாய் ஒரு கீறல் போட்டு
தலையைத் தனியே வெளியே எடுத்தாள்.
"இதுக்குத் தலை பெரிசு, கழுத்து சிறிசு.
சட்டை கழத்துற மாதிரி கழத்த முடியாது."
மறுநாளே வேலை.

போன வாரம் அந்த இழுப்பறைகளைத் திறந்து பார்த்தேன்.
மல்லாந்து படுத்திருக்கின்றன உள்ளான்கள்,
கண்ணில் பஞ்சு,
ஒவ்வொன்றின் காலிலும் நூல்கட்டிய சீட்டு.
இடம், தேதி, ஆணா பெண்ணா.
சேகரித்தவர் என்ற இடத்தில் யார் யார் பெயரோ.
கையெழுத்து மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று,
'ழ' போலச் சுழிக்கும் ஆங்கில ஒன்பது.

உயிரோடு ஒன்றைப் பார்க்கலாமென்று
சிவ்ரி சேற்றுக்குப் போனாள் ஒரு ஞாயிறு.
பிறகு எல்லா ஞாயிறும்.
ரேஷன் கார்டுக்குள் மடித்த கடல்வற்று அட்டவணை,
அண்ணனின் பழைய கால்சட்டை, முழங்கால் வரை சேறு.
கையில் பைனாகுலரைக் கண்ட சுங்கக்காரர்கள்
தங்கக் கடத்தலுக்கு வேவுபார்ப்பவள் என்று
பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஸ்டேஷனில் துணிப்பையைத் திறந்து
இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் வைத்தாள்
ஒரு கொசு உள்ளானை.
"இருபத்து மூணு கிராம். சைபீரியா போகணும்.
சீக்கிரம் எழுதிட்டு அனுப்புங்க."
அவர் கையை மூடவும் தெரியாமல்
திறக்கவும் தெரியாமல் நின்றாராம்.

நூல் போய் அலுமினிய வளையம் வந்தது.
அதே கால். அதே எண் எழுதும் கை.
போகும் முன் அவை எவ்வளவு கனக்கின்றன,
சேற்றில் எந்தப் புழு தின்று கனக்கின்றன,
பக்கத்து எண்ணெய்க் கிடங்கில் கப்பல்களும்
அதே மாதத்தில் நிரப்பிக்கொள்வதைப் பார்த்தபடி
பத்தொன்பது வருஷம் நிறுத்து எழுதினாள்.
பட்டம் இல்லை.
வெளிநாட்டு ஆய்வுகளின் அடிக்குறிப்பில்
பொடி எழுத்தில் இருப்பாள்: எஸ். பாத்திமா, கடிதம்.
ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்னால்
பதவியின் பெயரை மாற்றினார்கள். சம்பளத்தை அல்ல.

பதினோராயிரம் வளையம் போட்டாள்.
தகவல் வந்தது ஒன்பதுக்கு.
அதில் ஒன்று எனிசெய் ஆற்றங்கரையிலிருந்து.
சோவியத் புத்தகக் கடையில் படித்துச் சொன்னார்கள்:
'எங்கள் பூனை தூக்கி வந்தது.
அதன் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.
பறவையைத் தோட்டத்தில் புதைத்தோம்.'
பதிலுக்கு அவள் பூனையின் நலம் விசாரித்தாள்.

மும்ப்ரா வீட்டில் ஒரே ஒரு முறை சந்தித்தேன்.
கண்ணில் புரை. காது மட்டும் ஜன்னலில்.
பதினோராயிரத்தில் ஒன்பதா,
வருத்தமில்லையா என்று கேட்டுவிட்டேன்.
"தம்பி, ஊருக்குப் போனவன் எல்லாம்
லெட்டரா போடுறான்?"

பேச்சை நிறுத்திச் சட்டென்று கை காட்டினாள்.
எனக்கு லோக்கல் ரயில் மட்டும்தான் கேட்டது.
அதற்கு அடியில் ஆள்காட்டி கத்துகிறது என்றாள்,
யாரோ வயலாய்க் கிடந்த மனையில் நடக்கிறார்கள்.

காலையில் பேப்பர் வந்தது.
நகைக்கடை விளம்பரத்துக்காக ஒரு வரியை எடுத்திருந்தார்கள்.
பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது,
அடக்கம் இருக்கிறது.
இல்லாதது
இருபத்து மூன்று கிராம்.